டாட்டா மேடத்துக்குப் பக்கத்து மேசை வாசித்தளிக்கும் பொறாமை மடல்

அஞ்சி வந்தோரை அமரவைத்து, அழுது வந்தோரை ஆற்றிவைத்து, ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை அயல்நாட்டு வகுப்பறைகளுக்கு அனுப்பிவைத்த அருந்திறலே! பெற்றோரின் பிடிவாதத்தைப் பேசிப் பேசியே பணியவைத்த பெருந்தகையே! கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் கால் நடுங்கும் கன்னியர்க்கும் காளையர்க்கும் கண்டிப்பும் கனிவும் கலந்த காவலே! இருபத்தாறு ஆண்டுகள் இடப்பக்க மேசையில் இருந்தபடி என் இரத்த அழுத்தத்தை இடைவிடாது ஏற்றிவந்த இனியவரே! பல்கலைக்கழக வெளிநாட்டுக் கல்வி உதவிப் பிரிவின் மூத்த ஆலோசகராய் விளங்கி, இன்று மாலை ஐந்து மணியோடு பணி நிறைவு பெறும் எங்கள் டாட்டா மேடமே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பை ஊழியர் கூட்டத்தில் என் தலையில் கட்டினார்கள். எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று காரணம் சொன்னார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை என்பதே மெய். இயக்குநர் ஐயா வெளியூர் கிளம்பும் அவசரத்தில் இருந்ததால், கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதற்கென்று வாங்கிய தடித்த தாளின் அடியில் எல்லோரும் முதலிலேயே கையொப்பம் இட்டுவிட்டார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று மாணவர்களுக்கு வாரம் இருமுறை புத்தி சொல்லும் அலுவலகம் இது. ஆகவே இனி நான் வாசிக்கப்போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் மேடையில் இருக்கும் அத்தனை பேரும் உடந்தை. தட்டச்சர் அம்மா இன்று காலை இதை அடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு முறை நிறுத்தி, "சார், இது நிஜமாவே வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

என் சட்டைப்பையில் மடித்த படிவம் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பணிவன்பு மிக்க பண்பாளரே! தாங்கள் இப்பிரிவில் சேர்ந்த நாளில் இது பிரிவே அல்ல. நூலகத்தின் பின்புறம், உடைந்த நாற்காலிகளை அடுக்கும் அறை. அந்த நாற்காலிகளில் இரண்டைத் தாங்களே துடைத்து, ஒன்றில் தாங்களும் மற்றொன்றில் நானும் அமர்ந்தோம். முதலாண்டில் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கழிப்பறைக்கு வழி கேட்க வந்தவர். அவரையும் தாங்கள் உட்காரவைத்துப் பேசி, மறு ஆண்டு அவர் கடல் கடந்து போய் மண்ணியல் படித்தார் என்பது இந்தப் பல்கலைக்கழகம் அறிந்த கதை. இன்று நம் வாசல் பெஞ்சில் காலை ஒன்பதுக்கே இடம் கிடைப்பதில்லை.

அந்த பெஞ்சைப் பற்றித்தான் என் முதல் புகார். நம் இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு மீட்டர் இருக்கும். பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நேராக நடந்தால் என் மேசைக்குத்தான் வர வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாக எல்லோரும் எழுந்து, என் முகத்தைப் பார்த்து, "மேடம் இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பினார்கள். தங்களுக்கு டாட்டா மேடம் என்று பெயர். கிளம்புகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசல் வரை வந்து கையசைத்த பாசத்துக்குப் பிள்ளைகள் சூட்டிய பட்டம். மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று, பரிந்துரைக் கடிதம் என்று அத்தனையையும் பக்கம் பக்கமாய்ச் சரிபார்த்து, ஒரு முத்திரைகூடத் தப்பாமல் அனுப்பும் எனக்கு மூணு காப்பி சார் என்று பெயர். எதற்கும் மூன்று நகல் கேட்பேன் என்பதால் வந்தது. இது பட்டமா, பழிப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பொறாமைப்பட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் தங்களுக்கு எழுதிய கடிதங்களை வாசிக்காத மாதிரி வாசித்துப் பொறாமைப்பட்டேன். இரண்டாண்டு கழித்துத் திரும்பி வந்த ஒரு பெண், தங்களைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி என்னிடம் திரும்பி, பழைய சான்றிதழ் ஒன்றுக்கு நகல் கிடைக்குமா என்று கேட்டாள். மூன்று நகல் கொடுத்தேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பொறுமையின் பொக்கிஷமே! பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்தது எது என்று நான் நெடுநாள் ஆராய்ந்தேன். அந்த மஞ்சள் தாள்தான் என்று கண்டுகொண்டேன்.

மற்ற பல்கலைக்கழகங்களில் "நான் ஏன் வெளிநாடு சென்று படிக்க விரும்புகிறேன்" என்று எழுதச் சொல்வார்கள். பிள்ளைகளும் பரந்த அறிவு, பன்னாட்டு அனுபவம் என்று ஒரே அச்சில் எழுதித் தருவார்கள். தாங்கள் அதைக் கையால்கூடத் தொட்டதில்லை. அறை மூலையில் இருக்கும் கணினியில் உட்காரவைத்து, "நான் ஏன் போகக் கூடாது" என்ற தலைப்பில் அடித்து, மஞ்சள் தாளில் அச்செடுத்துத் தங்கள் மேசைத் தட்டில் போடச் சொன்னீர்கள். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற ஏடு தங்கள் இழுப்பறையில் பூட்டியிருக்கும். ஒவ்வொரு காரணத்துக்கும் தாங்கள் எழுதிய பதிலைத் தட்டச்சர் அம்மா அடித்து, தாளோடு இணைத்து, வியாழக்கிழமை வாசல் சுவர் மாடத்தில் வைப்பார்; பிள்ளைகள் எண்ணைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். பதிலில் யார் கையெழுத்தும் தெரியக் கூடாது என்பது தங்கள் விதி. ஆளைப் பார்த்து நம்பாமல் பதிலைப் பார்த்து நம்பட்டும் என்றீர்கள்.

எனக்குத் தனியாகத் தூங்கப் பயம் என்று ஒருவன் எழுதினான். ஆறடி உயரமும் தாடியும் உள்ளவன் என்று பிறகு தெரிந்தது. முதல் ஒரு மாதம் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள், அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்று பதில் எழுதினீர்கள். என் நாய்க்கு நான் எங்கே போனேன் என்று யார் சொல்வார்கள் என்று ஒருத்தி கேட்டாள். தங்கள் பதில் ஒன்றரைப் பக்கம். ஒருமுறை மட்டும், ஒரே வரி எழுதினீர்கள்: "இந்தக் காரணம் சரி. இந்த ஆண்டு போகாதீர்கள்." அந்தப் பையனின் தாய் படுக்கையில் இருந்தார். அவன் போகவில்லை. மறு ஆண்டு தாளே போடாமல் வந்து நின்றவனை ஒன்றும் கேட்காமல் அனுப்பினீர்கள். அனுப்புவது மட்டும் நம் வேலை இல்லை என்பதை அன்று புரிந்துகொண்டேன். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

சபையோரே, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழுப்பேறிய கடிதம் ஒன்று இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் இருபத்திரண்டு வயதில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தேர்வானேன். வாருங்கள் என்று அவர்கள் எழுதிய கடிதம் அது. போக ஒப்புக்கொண்டு அனுப்பிய ஒன்பது பக்கப் படிவத்தில் ஏழாம் பக்கத்தை வைக்க மறந்தேன். அந்தப் பக்கம் வீட்டில் அகராதிக்குள் இருந்தது. நான் கண்டுபிடித்து அனுப்புவதற்குள் என் இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்துதான் எதற்கும் மூன்று நகல். பக்கங்களை எண்ணாமல் வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதத்தைக் காட்டிப் பயமுறுத்துவேன். வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டேன். யாராவது வெளிநாடு கிளம்புகிறார்கள் என்றால் அன்று கொஞ்சம் அமைதியாக இருப்பேன், அவ்வளவுதான். அது யார் கண்ணுக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அருளே உருவான அம்மையே! இவ்வாண்டுத் தொடக்கத்தில் கண் அறுவைக்காகத் தாங்கள் ஒன்பது நாள் விடுப்பில் சென்றீர்கள். அந்த வாரம் தட்டில் பதினோரு மஞ்சள் தாள்கள் சேர்ந்திருந்தன. தாங்கள் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். நான் காக்கவில்லை. இதிலென்ன பெரிய வித்தை, நமக்கு எழுத வராதா என்று தட்டை என் மேசைக்கு இழுத்தேன். கையில் எடுத்தபோது திருட்டுத்தனம் செய்வதாகத்தான் தோன்றியது. ஆனாலும் எடுத்தேன்.

பத்துத் தாள்களுக்கு நான் எழுதிய பதில்களைச் சொல்லி மானத்தை வாங்கிக்கொள்ள விரும்பவில்லை. நாய் வளர்க்கும் ஒருவருக்கு நாயின் தடுப்பூசிச் சான்றை மூன்று நகல் எடுக்கச் சொன்னேன். பதினோராவதாக இருந்தது எண் முப்பத்தெட்டு. அதில் ஒரே ஒரு காரணம்.

"என் அப்பா சின்ன வயதில் வெளிநாட்டில் படிக்க ஆசைப்பட்டவர். இடம் கிடைத்தும் போக முடியவில்லை. அதை அவர் சொல்வதில்லை. யாராவது கிளம்பினால் முகம் மாறிவிடும். நான் போனால் அவருக்குப் பொறாமையாக இருக்கும். அப்பாவை அப்படி உட்காரவைத்துவிட்டு என்னால் அங்கே போய்ப் படிக்க முடியாது."

சபையோரே, சிரிக்க வேண்டியவர்கள் இங்கேயே சிரித்துக்கொள்ளலாம். நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தாலும் என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. என் மகள் இதே பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டு படிக்கிறாள். செவ்வாய்க்கிழமை மதியங்களில் நான் பதிவேட்டுப் பிரிவுக்குப் போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து வந்து தாள் போட்டிருக்கிறாள். எனக்கோ அந்தத் தாளைப் படித்ததும் ரத்தம் கொதித்தது. என்ன மனிதர் இவர், பெற்ற பிள்ளை படிக்கப் போவதற்குப் பொறாமைப்படுவாரா, இவரையெல்லாம் நிற்கவைத்துக் கேட்க வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். எழுதியது இது:

"உங்கள் அப்பா பொறாமைப்படுவார் என்பது உண்மையாகவே இருக்கலாம். படட்டும். பொறாமையால் யாரும் செத்ததில்லை. நான் இருபத்தாறு ஆண்டுகளாக அதை மடியில் கட்டிக்கொண்டுதான் அலுவலகம் வருகிறேன். வேலை ஒன்றும் நிற்கவில்லை. அவரிடம் நேரே சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் நீங்கள் ஆசையை விட்டுக்கொடுத்தால், பிறகு என்றாவது அது தெரியவரும். அதுதான் அவரை உட்காரவைத்துவிடும். கையெழுத்துப் போட மறுத்தால் அவரை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நான் பேசிக்கொள்கிறேன்."

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். தாங்கள் எழுதியதைப் போலவே இருந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் மேலாகவே இருந்தது. தட்டச்சர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அன்று ஒரு மிதப்போடு வீட்டுக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் மகள் மஞ்சள் தாளையும், பெற்றோர் இசைவுப் படிவத்தையும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெற்றோர் ஒருவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையும் போக முடியாது என்ற விதியை இந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான். அவள் தாளை நேரே பார்த்துப் படித்தாள். என் சொற்கள் ஒவ்வொன்றாக என் முகத்தில் வந்து விழுந்தன.

படித்து முடித்துவிட்டு, "நீங்க கையெழுத்து போடலேன்னா மேடம் உங்கள ஆபீசுக்கு அனுப்பச் சொல்லியிருக்காங்கப்பா" என்றாள்.

அவர் தினமும் அங்கேதானே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று என் மனைவி சிரித்தாள். நான் கை கழுவ எழுந்தேன். மகள் பின்னாலேயே வந்து, மேடம் பாவம், இருபத்தாறு வருஷமாக யார்மேலோ பொறாமையாம், எவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று உருகினாள். வாழ்நாளில் உருப்படியாக நான் எழுதிய ஒரே பதில். அதற்கான பாராட்டும் இடப்பக்க மேசைக்கே போய்ச் சேர்ந்தது.

பேராற்றல் மிக்க பெருமாட்டியே! நான் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. படிவத்தை மடித்து, அலுவலகத்துக்குக் கொண்டுவரும் பையில் வைத்துக்கொண்டேன். பார்க்கலாம் என்றேன். படிவம் தாமதமானால் மாணவர்களை நான் என்ன பாடுபடுத்துவேன் என்று தங்களுக்குத் தெரியும். அதே நான் ஆறு வாரம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கேட்டால் விலாசம் சரிபார்க்க வேண்டும், முத்திரை தெளிவாக இல்லை என்று ஏதோ சொன்னேன். உண்மை அதுவல்ல. என் மகள் எழுதியது உண்மை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் அகராதிக்குள் எந்தப் பக்கத்தையும் மறக்கமாட்டாள். அவள் போய்விடுவாள். சொந்த மகள்மேல் இப்படி ஒரு நினைப்பு வரலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டால் பொறாமை போய்விடும் என்று காத்திருந்தேன். போகவில்லை.

இடையில் ஒருநாள் அவள் தங்களுக்கு நன்றி சொல்ல வந்தாள். அந்தப் பதிலைத் தாங்கள் அப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறீர்கள். நான் கோப்பு அலமாரிக்குப் பின்னால் நகல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை மூன்று முறை தவறியது. இது நான் எழுதியது இல்லையே என்று தாங்கள் சொல்லிவிடுவீர்கள், என் மானம் கப்பலேறப்போகிறது என்று அலமாரி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். தாங்கள் தாளை மடித்து அவள் கையில் கொடுத்து, "ஆமாம்மா. உண்மையத்தான் எழுதியிருக்கு" என்றீர்கள்.

என்னைக் காப்பாற்றத் தாங்கள் சொன்ன பொய் அது என்று நம்பினேன். பொய் சொல்வதில்கூட இந்த அம்மாளுக்கு இவ்வளவு பெருந்தன்மையா என்று அதற்கும் வயிறு எரிந்தது.

பயணக் கலையின் பேராசானே! ஆண்டுதோறும் பிள்ளைகள் கிளம்பும் மாதத்தில் நம் நடைவழித் தரையில் சுண்ணக்கட்டியால் தாங்கள் வரையும் விமான நிலையத்தை இந்தச் சபை அறியும். பெட்டி எடைபோட ஒரு கட்டம், பரிசோதனைக்கு ஒரு கட்டம், குடியேற்ற அதிகாரிக்கு ஒரு கட்டம். இரண்டு நாற்காலிகளும் ஓர் இடுப்புப் பட்டையும் விமானம். இதுவரை விமானம் ஏறியே அறியாத தாங்கள், ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இருக்கைப் பட்டையைப் பூட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். முதல் கட்டத்தில் காகிதங்களைப் பார்ப்பவன் நான். என் கட்டத்தில் கறாராக இருப்பேன். ஒரு தாள் குறைந்தாலும் ஓரமாக நிற்கச் சொல்வேன்.

சென்ற வாரம் அந்தப் பயிற்சி நடந்தது. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்க்காமலே கை நீட்டி ஒவ்வொருவர் காகிதத்தையும் வாங்கி எண்ணினேன். ஒருவர் காகிதக் கட்டில் எட்டுத் தாள்தான் இருந்தது. ஒன்பது இருக்க வேண்டும்.

"இசைவுப் படிவம் எங்க?" என்று கேட்டேன்.

"உங்க பையில இருக்குப்பா" என்றது குரல்.

நிமிர்ந்தேன். முதுகுப்பையை மாட்டிக்கொண்டு என் மகள் நின்றாள். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. விதிப்படி என்ன செய்ய வேண்டுமோ அதை அவளே செய்தாள். சுண்ணக்கோட்டைத் தாண்டி ஓரமாகப் போய் நின்றாள். பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் அவளைக் கடந்து போனார்கள். அடுத்த கட்டத்தில் இருந்த தாங்கள் அதைப் பார்த்தீர்கள். எத்தனையோ அப்பாக்களை மணிக்கணக்கில் உட்காரவைத்துப் பேசிய தாங்கள், ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் இந்த அப்பாவிடம் ஆறு வாரமாக ஒன்றுமே பேசவில்லை.

மறுநாள் பொறுப்பை ஒப்படைக்கும்போது எண் ஏட்டின் சாவியையும் மஞ்சள் தாள்களின் தட்டையும் என் மேசைக்கு நகர்த்தினீர்கள். அப்போதுதான் நான் கேட்டேன். என் பதிலைத் தங்கள் பதில் என்று அவளிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று. அந்த நேரம் தாங்கள் சொன்னதை அப்படியே இந்தச் சபைக்குச் சொல்கிறேன். சொல்லலாமா என்று தங்களிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் மறுப்பீர்கள்.

"நான் எழுதினேன்னு எங்க சார் சொன்னேன்? உண்மைன்னுதான் சொன்னேன். எனக்கும் அது உண்மைதான். நானும் மூணு தடவ விண்ணப்பிச்சேன். மூணு தடவையும் வேண்டாம்னுட்டாங்க. உங்கள ஒரு தடவையாவது வாங்கன்னு கூப்பிட்டாங்க. அந்தக் கடிதத்த நீங்க கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கீங்க. இருபத்தாறு வருஷமா அதப் பார்த்துக்கிட்டேதான் நான் இங்க உட்கார்ந்திருக்கேன்."

ஏழாம் பக்கத்தை மறந்த கதையை நான் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடிதத்தில் என் கண் எப்போதும் தேதியைத்தான் பார்த்தது. தங்கள் கண் வாருங்கள் என்ற முதல் வரியைப் பார்த்திருக்கிறது. பொறாமை என்றால் அது என் மேசைக்கு மட்டும் சொந்தம், இடப்பக்கம் அன்பும் பண்பும் மட்டுமே வழிகின்றன என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். தாங்களும் என்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்ல இந்த மடலின் இலக்கியத் தமிழ் போதாது. முன்பே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே பொறாமைப்பட்டிருக்கலாம்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். தாங்கள் பொறாமையோடு உட்கார்ந்தபடியே ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரை வாசல் வரை போய் வழியனுப்பினீர்கள். நான் ஒருத்தியை ஓரமாக நிற்கவைத்தேன். இந்தப் பிரிவு தங்களுக்குப் பாராட்டு விழா எடுப்பது அதற்காகத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே, ஆற்றலும் அடக்கமும் அமைந்த அம்மையே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு நல்ல காலும் நல்ல கண்ணும் நெடுநாள் வாய்க்கட்டும். வாயில் இதே கூர்மை குறையாதிருக்கட்டும். தங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் பிள்ளைகளுக்கு எங்கள் அலுவலக நேரம் தடையாகாதிருக்கட்டும் என்று வாழ்த்துகிறோம். நினைவுப் பரிசாக ஊழியர்கள் வாங்கியது ஒரு கைக்கடிகாரம். என் தனிப்பட்ட பரிசு இந்த மஞ்சள் தாள். புதிய ஆண்டின் முதல் எண்ணைத் தங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஓய்வுபெற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளும் படிப்புகள் அங்கே இருக்கின்றன என்று இத்தனை பெற்றோர்களுக்குச் சொன்னவர் தாங்களே. ஏன் போகக் கூடாது என்று எழுதித் தட்டில் போடுங்கள். பதில் எழுத இந்த முறை எனக்கு உரிமை இருக்கிறது. காகிதங்களை நான் எண்ணித் தருகிறேன். நான்காவது தடவையும் அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அது ஒரு பக்கம் குறைந்ததால் இருக்காது.

இன்னும் ஒன்று பாக்கி. மூன்றாம் வரிசையில் தன் அம்மாவோடு உட்கார்ந்து, கொஞ்ச நேரமாக என்னை முறைத்துக்கொண்டிருக்கும் முப்பத்தெட்டாம் எண்ணே! அந்தப் பதிலை எழுதியது மேடம் இல்லை, நான்தான். யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதினேன். தெரிந்திருந்தால் அவ்வளவு நன்றாக எழுதியிருக்கமாட்டேன். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறதம்மா. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

மேடம், கையெழுத்துப் போட மறுக்கும் அப்பாவை அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தது அல்லவா? வந்திருக்கிறார். மணி நான்கு ஐம்பது. தங்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பெற்றோர் இசைவுப் படிவம், கையொப்பமிட்டது, மூன்று நகல்களோடு.

இங்ஙனம்,
தங்களை அனுப்ப மனமின்றி, வெற்றுத் தாளில் முன்பே கையொப்பமிட்ட
வெளிநாட்டுக் கல்வி உதவிப் பிரிவின் ஊழியர்கள்

அவர்களோடு,
ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்றாவது பிள்ளையின் அப்பா